நட்சத்திரம் ஒட்டாத பெயர்

நீலச் சார்ட் ஒன்று இன்னும் கண்ணுக்குள் படபடக்கிறது. எண்பதுகளின் ஒரு மே மாதம், சேலத்துக்கு மேலே மலையில் இருக்கும் மாரமங்கலத்துச் சின்ன ஆலயத்தின் சுவரில் மைதாப் பசை தடவி நான் ஒட்டியது. விடுமுறை வேதாகமப் பள்ளி நடந்த பத்து நாளும் பிள்ளைகள் தங்கள் ஜெப விண்ணப்பத்தைச் சொல்வார்கள், நான் எழுதுவேன். பதில் கிடைத்தால் பக்கத்தில் ஒரு ஜிகினா நட்சத்திரம். ஆடு நல்லபடியாகக் குட்டி போட வேண்டும். பல்வலி போக வேண்டும். எஸ்டேட் ரைட்டர் அப்பாவைத் திட்டக் கூடாது. முதல் இரண்டுக்கும் நட்சத்திரம் விழுந்தது. ரைட்டர் லீவில் போய்விட்டதால் மூன்றாவதற்கும் ஒட்டினோம்.

எனக்கு அப்போது இருபத்தொரு வயது. சேலத்திலிருந்து போதகர் ஐயா அனுப்பிவைத்த தொண்டர். அப்பா இறந்த வருடம் அது. விசுவாசித்துக் கேளுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொன்ன வாயால் எனக்கென்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. அப்பாவுக்காக அத்தனை கேட்டு என்ன ஆயிற்று என்ற கசப்பு.

ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி வருவாள். மலை விவசாயி மகள், கோயில் கும்பிடுகிற குடும்பம். அம்மா வயிற்றுக் கட்டியோடு சேலத்துப் பெரியாஸ்பத்திரியில் கிடந்தார். "எங்கப்பா சேர்வராயனுக்கு வேண்டிக்கிட்டாருங்க. நான் உங்க சாமிகிட்டயும் சொல்லி வெக்கறனுங்க. ஆருக்கு மொதல்ல காது கேக்குதோ கேக்கட்டும்," என்றாள். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அம்மாவின் பெயரை எழுதினேன். தினமும் வந்ததும் அந்த வரிக்கு எதிரே நின்று கண்ணை இறுக மூடிக்கொள்வாள்.

நிறைவு விழாவுக்குப் போதகர் ஐயாவும் சேலத்துச் சபையாரும் வருவதாக இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் சார்ட்டைப் பார்த்தேன். எல்லா வரியிலும் ஜிகினா, அவள் வரி மட்டும் மொட்டை. வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ஆண்டவருக்கு மானம் காக்கிறதாய் நினைத்துக்கொண்டு, புதுத் தாளில் எல்லாவற்றையும் மறுபடி எழுதினேன். அந்த ஒரு வரியை விட்டுவிட்டேன்.

காலையில் முதலில் வந்தவள் அவள்தான். மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்தாள், கீழிருந்து மேலே ஒரு முறை. திரும்பியபோது முகம் வெளுத்திருந்தது.

"ஏனுங்கக்கா, எங்கம்மா செத்துப் போச்சுங்களா?"

ஆஸ்பத்திரியிலிருந்து சேதி வந்து நான் பெயரை எடுத்துவிட்டதாக நினைத்திருக்கிறாள். இல்லை கண்ணு, இல்லை சாமி என்று கட்டிக்கொண்டேன். நட்சத்திரம் இல்லாததால் எழுதவில்லை என்று உளறினேன். அழுது முடித்து, பாவாடையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பென்சிலை எடுத்து என் கையில் வைத்தாள்.

"நட்சத்திரம் இல்லாட்டிப் போவுதுங்க. பேரு இருக்கோணுங்க. பேரில்லாட்டி அவரு எப்பிடிங்க எங்கம்மாவத் தேடுவாரு?"

எழுதினேன். விழாவுக்கு வந்த ஐயா அந்த வரியில் விரல் வைத்து, இது யார் என்று கேட்டு, அந்த அம்மாவுக்காகவே நின்று ஜெபித்தார். வெட்கம் எனக்கு மட்டும்தான் இருந்திருக்கிறது. அப்பா போன பிறகு முதன்முறையாக என் உதடும் அசைந்தது. விசுவாசம் உனக்கு எங்கே திரும்பக் கிடைத்தது என்று யாராவது கேட்டால், அந்தக் காலையைத்தான் சொல்வேன்.

இதோடு முடிந்திருக்கலாம். பஸ் ஏறுகையில் ஓடிவந்தாள். சேலத்துக்குத்தானே போகிறீர்கள், அம்மாவைப் பார்த்து, நான் ஊட்டுல சமத்தாக இருக்கிறேன், தம்பிக்கு நானே சோறூட்டுகிறேன் என்று சொல்லிவிடுங்கள் என்றாள். சரி கண்ணு என்றேன். எங்கள் வீட்டிலிருந்து பெரியாஸ்பத்திரி நடக்கிற தூரம். நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று வாரம் போயிற்று. ஒரு வழியாகப் போனேன். பெண்கள் வார்டு வாசலில் நர்ஸம்மா, யாரைப் பார்க்கணும் என்றார். மேஜைமேல் நோயாளிகளின் பெயர் நோட்டு விரிந்திருந்தது. பெயர் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் பதில் வந்துவிடும்.

"யாரையும் இல்லைங்க," என்று திரும்பிவிட்டேன்.

அடுத்த மே மாதத்துக்குள் வேலை கிடைத்தது, மலையேறவில்லை. அதற்கடுத்த மே மாதங்களுக்கும் ஏதோ ஒரு காரணம் இருந்தது. இப்போது தலை நரைத்துவிட்டது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு அவள் தந்த துணிச்சலைத்தான் பங்கிட்டுக் கொடுக்கிறேன். அவள் அம்மாவின் பெயரை இன்றும் ஜெபத்தில் சொல்கிறேன், இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமலே. பிழைத்து மலையேறியிருந்தால் மகளே எல்லாம் சொல்லியிருப்பாள். இல்லாவிட்டால், அவர் கேட்டுவிட்டுப் போயிருக்க வேண்டிய அந்த நாலு வார்த்தை இன்னும் என்னிடமே இருக்கிறது.