கொட்டாஞ்சேனையில் சாய்ந்த பைக்

கொட்டாஞ்சேனைத் தேவாலய வாசலில் மெதுவாகத் திரும்பும்போது, ஊன்றிய கால் மணலில் வழுக்கிப் பைக்கோடு சாய்ந்தேன். எழுந்து இழுத்தேன், பைக் அசையவில்லை. அங்கே மெழுகுவர்த்தி விற்கும் ஒல்லியான பெண் வந்தார். விரல்களில் மெழுகு காய்ந்திருந்தது.

"இழுக்காதீங்க தம்பி. முதல்ல சாவிய ஓஃப் பண்ணுங்க."

பைக்குக்கு முதுகைக் காட்டிக் குந்தி, சீட்டில் இடுப்பை முட்டுக்கொடுத்து, கால்களால் உந்திப் பின்னால் நடந்தார். பைக் நிமிர்ந்தது.

"எங்க பழகினீங்க அக்கா?"

"வீட்டுல. என்ட அவர் இப்பிடித்தான் மெதுவா சாஞ்சார். மழைத்தண்ணி நிறைஞ்ச ரோட்டோரக் கானுக்குள்ள அவர், மேல பைக். நான் இழுத்து இழுத்துப் பார்த்தன். ஆக்கள் வர முந்தி முடிஞ்சுது. அந்த பைக்க இப்பவும் ஒவ்வொரு நாளும் சாய்ச்சுத் தூக்குறன்."

மெழுகுவர்த்திகளிடம் திரும்பிவிட்டார். பைக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் கிராண்ட்பாஸில் என் வீடு வரை தள்ளிக்கொண்டே போனேன்.