எல்லாரும் விசா கேட்ட மனிதர்

இன்று காலை லண்டன் மனோர் பார்க் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பலசரக்குக் கடை நேசன் கிட்ட வந்து சொன்னார்: "ஞானம் அண்ணை அமெரிக்காவிலை மோசம் போயிட்டார். மாரடைப்பாம்." அடுத்த மூச்சிலேயே, "எங்கடை சனத்துக்கு ஒண்டும் செய்யாமலே போயிட்டார்" என்றார். அந்த இரண்டாவது வசனத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளில் ஞானம் அண்ணை ஈஸ்ட் ஹாமில் உறைய வைத்த மீனை மொத்தமாக விற்றார். அவருடைய குளிரறைகளைப் பழுதுபார்த்தவன் நான். விளக்கம் சொல்லத் தொடங்கினால் மறித்துவிடுவார். "ஓடுமா, ஓடாதா? அதைச் சொல்லும்." எனக்கு அவரைப் பிடித்ததே அதனால்தான். பிறகு அமெரிக்கா போனார். அங்கும் மீன்தான் விற்றார். சில வருடங்களில் ஒரு மாநிலச் சட்டசபைக்குத் தெரிவானார். நாங்கள் இங்கே கேக் வெட்டினோம்.

அதோடு மனிதர் மாட்டிக்கொண்டார்.

தங்கை மகளின் கலியாணத்துக்கு லண்டன் வந்தபோது அவரைச் சாப்பிட விடவில்லை. ஆளாளுக்குக் கடவுச்சீட்டுப் பிரதிகளோடு சுற்றி நின்றார்கள். சவுத்தாலில் இருந்து வந்த ஒரு அக்கா, "நீங்கள் ஒரு போன் அடிச்சால் காணும்" என்றார்.

"அக்கா, நான் பாக்கிறது அந்த மாநிலத்து ரோட்டும் பள்ளிக்கூடமும். விசா என்ரை கையிலை இல்லை."

"அப்ப என்னத்துக்கு எலெக்சன் கேட்டனீங்கள்?"

அவரைச் சமையலறைப் பக்கமாகக் கூட்டிவந்து என் வான் வண்டியில் ஏற்றினேன். "உம்மடை குளிரறைக்குள்ளை வைச்சுப் பூட்டியிருந்தாலும் நிம்மதியாய் இருந்திருப்பன்" என்று சிரித்தார். ஓடுகிற வண்டியில் இருந்து அவரால் இறங்க முடியாது. நானும் கேட்டேன். என் சொந்த அண்ணன் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் அடைந்து கிடந்தார். பொலிஸ் சோதனைக்குப் பயந்து தெருவில் இறங்குவதே இல்லை.

"நீருமா?"

"ஓம்."

"ஏலாது தம்பி. 'பாப்பம்' எண்டால் உமக்கும் சுகம், எனக்கும் சுகம். ஆனால் உம்மடை அண்ணன் என்னை நம்பி, வேறை வழி தேடாமல் அங்கையே கிடப்பார்."

எனக்குக் கோபம்தான். ஆனாலும் சொன்னதை அப்படியே அண்ணனுக்குச் சொன்னேன். "பெரிய ஆக்கள் முதல் அப்பிடித்தான் சொல்லுவினம். பிறகு செய்வினம்" என்று அவர் காத்திருக்கத் தொடங்கினார். வேறு ஒரு வழியையும் பார்க்கவில்லை.

இன்று கோயிலால் வீட்டுக்கு வந்ததும், அண்ணன் இன்னும் இருக்கிற அந்தக் கொழும்பு லொட்ஜுக்குப் போன் எடுத்தேன். செய்தியைக் கேட்டுவிட்டு அண்ணன் கேட்ட முதல் கேள்வி: "அப்ப என்ரை விசயம்?"

"அவர் அண்டைக்கே ஏலாது எண்டு சொன்னவர், அண்ணா."

"ஓம். இண்டைக்குத்தான் நம்புறன்."

ஞானம் அண்ணை, இனி உங்களை ஒருவரும் மறிக்கமாட்டார்கள். போய் வாருங்கள்.