கடைசிப் பத்தியில் ஒரு டீ

காலை பதினொன்று பத்துக்கு மாடி ஜன்னலிலிருந்து பார்த்தபோது, கேட்டின் கம்பிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் உறை செருகியிருந்தது. தபால்காரரின் வண்டி தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. உறைக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வீட்டுக்குள் சின்ன அளவில் ரயிலும் ஊரும் செய்து ஓட்டுகிறவர்களுக்காக இங்கிலாந்திலிருந்து மாதாமாதம் வரும் மாடல் ரயில் பத்திரிகை. அந்த இதழில் நான் எழுதிய கட்டுரை ஆறு பக்கங்களுக்கு வந்திருந்தது.

வழக்கமாக, உறையைப் பிரிப்பதற்கு முன்பே மனைவிக்குக் குரல் கொடுப்பேன். அன்று கொடுக்கவில்லை.

நான் கோவையில் ஒரு நாளிதழில் முப்பத்தோரு ஆண்டுகள் துணை ஆசிரியராக இருந்தவன். மற்றவர்கள் எழுதியதைச் சரிபார்ப்பதுதான் வேலை. யார் செய்தார்கள், யார் சொன்னார்கள் என்பது தெளிவாக இல்லாத வாக்கியத்தை அச்சுக்கு விடமாட்டேன். மாடல் ரயில் பத்திரிகைகள் அந்தக் காலத்தில் உக்கடம் பழைய புத்தகக் கடையில் கிடைத்தன. ஓய்வுபெற்ற பிறகு நேரடியாகச் சந்தா கட்டினேன்.

அவற்றைப் படிப்பதில் உள்ள சுகத்தைச் சொன்னால் பெரும்பாலோருக்குப் புரியாது. ஒரு முழுப் பக்கத்துக்குத் தண்டவாள வரைபடம் இருக்கும். ஒரு கட்டம் ஓரடி. நான் பென்சிலின் மொட்டை முனையை மெயின் லைனில் வைத்து, தண்டவாளம் பிரியும் பாயின்ட்டில் திரும்பி, கூட்ஸ் ஷெட்டுக்குள் போய், எஞ்சினைக் கழற்றி, சுற்றிக்கொண்டு வந்து மறுபுறம் மாட்டுவேன். பல வரைபடங்களில் எஞ்சின் மாட்டிக்கொள்ளும், வெளியே வர வழி இருக்காது. அதைக் கண்டுபிடிக்கும்போது, அச்சேறிய பத்திரிகையில் பிழை பிடித்த அதே சந்தோஷம். எட்டடி நீளத்தில் ஓர் ஊரை எப்படி அடக்குகிறார்கள், ரயில் மறைகிற இடத்தை ஒரு பாலத்தாலோ மரக்கூட்டத்தாலோ எப்படி மூடுகிறார்கள் என்று ஒரே படத்தை அரை மணி நேரம் பார்ப்பேன்.

மனைவி பார்ப்பது வேறு. அவள் போத்தனூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் தையல் டீச்சராக இருந்தவள். எங்கள் பங்குக் கோவிலில் கிறிஸ்துமஸ் குடில் போடும் குழுவுக்கு இருபது ஆண்டுகளாக அவள்தான் தலை. சாக்கைக் களிமண்ணில் நனைத்து மலை செய்வது அவளுக்குக் கைப்பழக்கம். படங்களில் அவள் தண்டவாளத்தைப் பார்க்கவே மாட்டாள்.

“ஏனுங்க, இந்த ஊர்ல ஒரு ஊட்லயும் துணி காயப்போடலீங்களே. ஊரே வெளியூருக்குப் போயிருச்சா?”

“அது மாடல்.”

“மாடலா இருந்தா துணி நனையாதுங்களா?”

அவளுக்கு ஆங்கிலம் மெதுவாகத்தான் ஓடும். ஆனாலும் எந்தக் கட்டுரையானாலும் முதலில் கடைசிப் பத்தியை எடுத்துப் படித்துவிடுவாள். அங்கே அநேகமாக ஒரே விஷயம்தான் இருக்கும். இத்தனை ஆண்டுகள் பொறுமையாக இருந்து, டீ போட்டுக் கொடுத்த என் மனைவிக்கு நன்றி. அதைக் கண்டதும் “டீ வந்துருச்சுங்க!” என்று சத்தமாகச் சொல்வாள். “பாவம், இந்தப் புள்ளை எட்டு வருசம் டீ போட்டிருக்குது. ரயிலு ஓடுச்சான்னு யாராச்சும் அதுகிட்டக் கேட்டாங்களா?” நானும் சிரிப்பேன். எங்கள் வீட்டில் அது மாதாந்திரச் சிரிப்பு.

எங்கள் சொந்த ரயில் ஊர், பத்திரிகைக்காரர்கள் சொல்வதுபோல் லேஅவுட், மாடி அறையில் இருக்கிறது. எட்டடிக்கு இரண்டரை அடி பிளைவுட். மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஸ்டேஷன், பின்னால் தென்னந்தோப்பு, ஒரு விசைத்தறிக் கொட்டகை, ஒரு குளம். தண்டவாளமும் ஒயரிங்கும் என்னுடையவை. மற்றதெல்லாம் அவள். பழைய வேட்டியைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் நனைத்து மலை செய்தாள். கருமத்தம்பட்டியில் தறி ஓட்டும் அவள் தம்பியிடமிருந்து பஞ்சுக் கழிவை வாங்கி, மூன்று பச்சையில் சாயம் தோய்த்து, கம்பிகளில் சுற்றி மரமாக்கினாள். தென்னங்கீற்றுக்குத் தாளைச் சீப்புப்போல் கத்தரித்தாள். கொட்டகைக்குப் பின்னால் ஒரு கயிற்றில் நகக்கண் அளவில் நான்கு சேலைகள் காய்கின்றன. ஆறு ஆண்டு வேலை.

படங்களைப் பத்திரிகைக்கு அனுப்பியது நான். அவர்கள் கட்டுரை கேட்டார்கள். மூன்று நாளில் எழுதிவிட்டேன். மலையைப் பற்றிய இடத்தில் முதலில் ‘என் மனைவி’ என்றுதான் எழுதினேன். அடுத்த வாக்கியத்திலும் அப்படியே எழுத வேண்டியிருந்தது, அதற்கடுத்ததிலும். படித்துப் பார்த்தபோது, யாரோ செய்த வேலையைப் பற்றி வேறு யாரோ எழுதியதுபோல இருந்தது. அதுதான் உண்மை. நான் அதை ‘நான்’ என்று மாற்றினேன். ஒரு படத்தின் இடது ஓரத்தில் பசை டப்பாவோடு அவள் நின்றிருந்தாள். ஒன்றரை அங்குலம் வெட்டினேன். கடைசியில், இருபது ஆண்டுகளாக நான் படித்த கட்டுரைகள் எப்படி முடிந்தனவோ அப்படியே முடித்தேன். பொறுமைக்கும் டீக்கும் மனைவிக்கு நன்றி.

விளையாட்டாக எழுதினேன், அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன் எனப் பின்னால் அவளிடம் சொன்னேன். அது பொய். அவள் படிப்பாள் என்பதே அப்போது என் நினைவில் இல்லை. கேட்டில் அந்த உறையைப் பார்த்தபோதுதான் நினைவுக்கு வந்தது.

நான் கீழே இறங்குவதற்குள் அவளே உறையை எடுத்துப் பிரித்திருந்தாள். சாப்பாட்டு மேசையில் அவரைக்காயை ஒதுக்கிவிட்டு, பத்திரிகையை விரித்துக் கடைசிப் பத்தியில் விரலை வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். விரல் நின்றது. பிறகு முதல் பக்கத்துக்குப் போனாள். ஆறு பக்கத்தையும் படிக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. நான் எதிரே நின்றுகொண்டிருந்தேன்.

“டீ நல்லா இருந்துச்சுங்களா?” என்றாள்.

அவரைக்காயை மறுபடி இழுத்துக்கொண்டாள்.

சிக்கல் அதோடு முடியவில்லை. நம்ம வேலை வெளிநாட்டுப் புத்தகத்தில் வரப்போகிறது என்று குடில் குழுப் பெண்களிடம் அவள் இரண்டு மாதத்துக்கு முன்பே சொல்லி வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஐந்து பேரும் பார்க்க வருவதாக ஏற்பாடு. இடையில் இருந்தவை மூன்று நாட்கள். இதழ் வரத் தாமதமாகிறது என்று சொல்லிவிடலாமா என்று கேட்டேன்.

“நான் எதுக்குங்க பொய் சொல்லோணும்?” என்றாள்.

ஐந்து பேரும் வந்தார்கள். முதலில் மாடிக்குப் போய் லேஅவுட்டைப் பார்த்தார்கள். சேலைகளைப் பார்த்து ஒருவர் கைதட்டிவிட்டார். “அய்யோ டீச்சர், அந்தக் காப்பிப்பொடிக் கலர் உங்க சேலைதானுங்க! ஈஸ்டருக்குக் கட்டிட்டு வந்தது!” பிறகு கூடத்தில் உட்கார்ந்து பத்திரிகையைக் கைமாற்றினார்கள். குழுவில் ஒருவர் கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறவர். அவரைப் படித்துச் சொல்லும்படி மற்றவர்கள் கேட்டார்கள். அவர் ஒவ்வொரு பத்தியாகப் படித்து உடனுக்குடன் தமிழில் சொன்னார். ‘நான் பழைய வேட்டியை நனைத்தேன்.’ ‘நான் பஞ்சுக்குச் சாயம் தோய்த்தேன்.’ மூன்றாவது ‘நான்’ வந்தபோது அவர் குரல் தணிந்தது. மற்றவர்கள் என்னைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தார்கள். அவள் வாழைப்பழத் தட்டை நகர்த்தி வைத்தாள்.

கடைசிப் பத்திக்கு வந்ததும் அந்த அம்மா படிப்பதை நிறுத்திவிட்டார்.

“அது சும்மாங்க, நன்றி சொல்றது,” என்று மனைவி முந்திக்கொண்டாள். “எல்லாத்துலயும் அப்படித்தான் போடுவாங்க. பழம் எடுத்துக்கங்க.”

என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள். முப்பத்தோரு ஆண்டு வேலையில் நான் எத்தனையோ பேரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, இது நீங்கள் செய்ததுதானா என்று கேட்டிருக்கிறேன். ஒருவர்கூட என் அளவுக்குக் கூச்சமில்லாமல் உட்கார்ந்திருந்திருக்க மாட்டார்.

வயதில் மூத்தவர் ஒருவர் என் பக்கம் திரும்பினார். “சார், கேக்கறன்னு தப்பா நினைக்காதீங்க. இதுல நீங்க செஞ்சது எது?”

“தண்டவாளம். ஒயரு. அவ்வளவுதானுங்க.”

“அப்ப மலை?”

“டீச்சர்.”

“மரம்?”

“எல்லாம் டீச்சர்தானுங்க. நான் தப்பா எழுதிப்போட்டேன்.”

கல்லூரிக்காரர் பத்திரிகையை மூடி மேசையில் வைத்தார். பழத்தைச் சாப்பிட்டுவிட்டு, குடிலுக்கு இந்த வருசம் மலை எந்தப் பக்கம் வருவது என்று பேசினார்கள். போகும்போது எல்லாரும் மனைவியிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனார்கள்.

திருத்தம் வெளியிடச் சொல்லி எழுதுகிறேன் என்று அன்று பிற்பகல் அவளிடம் சொன்னேன்.

“திருத்தத்தை எங்க போடுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா? உங்க பேப்பர்ல டெண்டர் நோட்டீசுக்குக் கீழ போடுவீங்க.”

“இருந்தாலும் போடணும்.”

“அந்த வெள்ளைக்காரங்க என்னை மெச்சோணும்னு இல்லீங்க. நீங்க மேல உட்கார்ந்து எழுதறப்ப நான் கீழதான இருந்தேன். ஒரு சத்தம் கொடுத்திருக்கலாம்.”

மாடியிலிருந்து காகிதமும் பேனாவும் எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தேன்.

கடிதத்தை எழுதி அவளுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். ‘லேஅவுட்டின் பெரும்பகுதி வேலையில் என் மனைவிக்கும் பங்குண்டு’ என்று எழுதியிருந்தேன். அவள் கையை நீட்டி நிறுத்தினாள்.

“பங்குண்டுன்னா என்னங்க அர்த்தம்? கூட நின்னேன்னா? மலை, மரம், ஊடு, குளம் நான் செஞ்சது. அப்படியே போடுங்க. கட்டுரையில முந்நூறு மரம்னு எழுதியிருக்கறீங்க, அதும் தப்பு. இருநூத்தி எழுபது.”

“எண்ணினயா?”

“செஞ்சவளுக்குத் தெரியாதுங்களா?”

அவள் சொன்னபடியே மாற்றினேன். வெட்டிய படத்தை வெட்டாமல் இணைத்தேன். அவள் பெயரை முழுதாக, அவளுடைய அப்பா பெயரின் முதலெழுத்தோடு எழுதச் சொன்னாள். எழுதினேன். திங்கட்கிழமை காலை மின்னஞ்சலில் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது. தெரிவித்ததற்கு நன்றி, இடமிருந்தால் வாசகர் கடிதங்கள் பக்கத்தில் சேர்க்கிறோம்.

அதன்பின் மூன்று இதழ்கள் வந்துவிட்டன. கடிதம் அவற்றில் இல்லை.