தாளில் இல்லாத கேள்வி

பிரான்சில் இருக்கும் ஒரு பள்ளியோடு எங்கள் மாணவிகள் கணினித் திரையில் பேசப்போகிறார்கள் என்று முடிவான நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்போது நான் புதுச்சேரியில் ஒரு பெண்கள் பள்ளியில் ஒப்பந்தக் கணினி ஆசிரியை. எங்களிடம் இருந்தது நான்கு கணினி, மழை பெய்தால் அறுந்துபோகும் ஓர் இணைய இணைப்பு.

தலைமையாசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அன்னிக்கு கல்வித்துறை ஆபீசர் வராரும்மா. அவருக்குப் புடிக்கலன்னா இந்த நாலு கம்ப்யூட்டரும் லாஸ்பேட்டை ஸ்கூலுக்குப் போயிடும். அப்புறம் ஒனக்கு இங்க என்ன வேல?"

பயந்தவள் என்ன செய்வாள்? தெரிந்ததைச் செய்தேன். மனப்பாடம். இரண்டு ஊர்களின் குடிதண்ணீரைப் பற்றி இரு பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்து ஓர் அறிக்கை எழுத வேண்டும். அதற்கான முதல் பேச்சு இது. பிரான்சுப் பிள்ளைகள் கேட்கக்கூடிய கேள்விகளை நானே எழுதினேன். ஆங்கிலத்தில் பதில்களையும் நானே எழுதி, பன்னிரண்டு மாணவிகளுக்கும் பங்கு போட்டுக் கொடுத்து, பத்து நாள் ஒப்பிக்க வைத்தேன்.

நெல்லித்தோப்பிலிருந்து வரும் ஒருத்தி கேட்டாள்: "மிஸ், எங்க தெருக் குழாயில தண்ணியே வர்றதில்ல. அதச் சொல்லலாமா?"

"தாள்ல இருக்கறத மட்டும் சொல்லு. வேற எதுக்காவது வாயத் தொறந்த, தொலைச்சிடுவேன்."

அவள் முகம் சுண்டிப்போனதைப் பார்த்தேன். பார்த்தும் விட்டுவிட்டேன்.

பேச்சு நடக்கும் நாள் வந்தது. கரண்ட் போகக்கூடாது என்று நான் வேண்டாத சாமி இல்லை. மாணவிகள் திரைக்கு முன்னால். அவர்களுக்குப் பின்னால் அதிகாரி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தலைமையாசிரியை. சுவரோரம் நான்.

திரையில் அந்த ஊர் ஆசிரியையின் முகம் வந்ததும் பன்னிரண்டு பேரும் விருட்டென்று எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். டீச்சர் வந்தால் எழுந்திருக்க வேண்டாமா? திரையின் மூலையில் எங்கள் படம் சின்னதாகத் தெரிந்தது. அதில் ஒரு முகம்கூட இல்லை, வரிசையாகச் சீருடை வயிறுகள். "உட்காருங்கள்" என்று அந்த ஆசிரியை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். ஒருத்தியும் அசையவில்லை. நான் சொல்லாமல் உட்கார மாட்டார்கள். எனக்கோ அதிகாரியின் முன்னால் நாக்கு ஒட்டிக்கொண்டது.

திரையில் இருந்த ஒரு சிறுமி கேமராவுக்குப் பக்கத்தில் வந்து, திக்கித் திக்கி ஆங்கிலத்தில் கேட்டாள்: உங்கள் டீச்சரைக் கண்டால் உங்களுக்குப் பயமா?

அது தாளில் இல்லாத கேள்வி. பன்னிரண்டு பேரும் கேமராவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்கள், ஆமாம் என்பதா இல்லை என்பதா என்று. நெல்லித்தோப்புக்காரியும் பார்த்தாள். நான் தலைமையாசிரியையின் முகத்தைப் பார்த்தேன். அவர் அதிகாரியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு எப்படியோ குரல் வந்து, உட்காரச் சொன்னேன். உட்கார்ந்து, தாளில் இருந்ததை ஒரு வரி விடாமல் ஒப்பித்தார்கள்.

கிளம்பும்போது அதிகாரி தலைமையாசிரியையிடம் சொன்னார்: "பசங்க டிசிப்ளின் ரொம்ப நல்லா இருக்கு மேடம்."

கணினிகள் எங்களிடமே இருந்தன. என் வேலையும் இருந்தது. அந்தச் சிறுமிக்கு மட்டும் நாங்கள் யாரும் பதில் சொல்லவில்லை.