தவிட்டுக்கு வாங்கியவள்

"உன்னை நாங்க பெக்கலடி, தவிட்டுக்கு வாங்குனோம்." இந்தப் பேச்சைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளைகள் நம் பக்கத்தில் குறைவு. மாமாவோ சித்தப்பாவோ சீண்டுவார்கள். பிள்ளை உதட்டைப் பிதுக்கும். உடனே அம்மா அள்ளி எடுத்துக்கொண்டு, "யாரு சொன்னது? நீ எஞ்செல்லம்" என்பாள். விளையாட்டு அதோடு முடிந்துவிடும். என் விஷயத்தில் அது விளையாட்டில்லை. என்னை நிஜமாகவே தவிட்டுக்கு வாங்கினார்கள். என் பெயரின் முன்பாதி தவிடு. பின்பாதி, அந்தக் காலத்தில் பெண்பிள்ளைகளின் பெயருக்குப் பின்னால் ஒட்டிய வழக்கமான வால். முழுப் பெயரை இங்கே எழுத எனக்கு மனமில்லை. பள்ளிக்கூடத்தில் முன்பாதியை மட்டும்தான் கூப்பிட்டார்கள், இங்கேயும் அது போதும்.

உறையூரில் ஒரு காம்பவுண்டு வீட்டில் பிறந்தேன். அப்பாவுக்குத் துவாக்குடியில் ஒரு பட்டறையில் லேத் வேலை. எனக்கு முன்னால் பிறந்த இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. ஒன்று பெயர் வைப்பதற்கு முன்பே போய்விட்டது. இன்னொன்று பெயர் வைத்து, தவழ்ந்து, பல் முளைத்த பிறகு போனது. அந்த இரண்டைப் பற்றியும் என் அம்மா வாய் திறந்து பேசியதே இல்லை. எல்லாம் பால்காரம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பால்காரம்மா எங்கள் எதிர்வீடு. எருமை வைத்துப் பால் ஊற்றினார். பெற்றது ஐந்தும் கல்லுக்குண்டு மாதிரி வளைய வந்தன. நான் பிறந்தபோது அவர்தான் யோசனை சொன்னார். பிள்ளை தங்காத வீடுகளில் வழக்கமாகச் செய்வதுதான் அது. பெற்றவள் குழந்தையை முறத்தில் கிடத்திக் குப்பைமேட்டில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். பிள்ளைகள் பிழைத்துக் கிடக்கிற ஒருத்தி அதை எடுத்துக்கொண்டு போவாள். பிறகு பெற்றவளே போய், ஒரு படி தவிடு கொடுத்து அதை விலைக்கு வாங்கிக்கொள்வாள். எமன் தேடி வந்தாலும், இது இவள் பெற்றதில்லை, எங்கேயோ தவிட்டுக்கு வாங்கியது, ஒன்றுக்கும் ஆகாதது என்று நினைத்துப் போய்விடுவானாம். அப்படித்தான் என்னை வாங்கினார்கள். எனக்குக் கொடுத்த விலையைப் பால்காரம்மாவின் எருமை அன்றைக்கே தின்று தீர்த்துவிட்டது.

மற்ற வீடுகளில் சடங்கு முடிந்ததும் மறந்துபோவார்கள், பெயர் மட்டும் மிஞ்சும். என் அம்மா மறக்கவில்லை. தன்னை 'அக்கா' என்று கூப்பிட என்னைப் பழக்கினாள். பால்காரம்மாவைத்தான் 'அம்மா' என்று கூப்பிட வேண்டும். கடையில், பஸ்ஸில், கோயிலில் யாராவது "உங்க பொண்ணா?" என்று கேட்டால், "எதிர்வீட்டுப் பொண்ணுங்க" என்பாள். சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. சோறு ஊட்டுவாள், பேன் பார்ப்பாள், தலை வாரிப் பின்னல் போடுவாள். எல்லாமே யாருடைய பிள்ளைக்கோ செய்கிற தோரணையில்தான் நடக்கும். திருஷ்டிப் பொட்டு வைக்கும்போது மட்டும் விரல் கொஞ்ச நேரம் என் கன்னத்திலேயே நிற்கும்.

பள்ளிக்கூடத்தில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது என் பெயர் வந்ததும் டீச்சர் ஒரு கணம் நிறுத்துவார். அந்த ஒரு கணத்துக்குள் வகுப்பு முழுக்கச் சிரிக்கத் தயாராகிவிடும். பின்பெஞ்சிலிருந்து எருமை கத்தும். எனக்குக் கோபம் மூக்குநுனியில் உட்கார்ந்திருக்கும். கத்தியவனை இடைவேளையில் தேடிப் பிடித்து அடிப்பேன், நானும் வாங்கிக்கொள்வேன். ஒருநாள் சட்டை கிழிந்து வீட்டுக்கு வந்து, "வேற பேரே கெடைக்கலையா உனக்கு?" என்று கேட்டேன். அம்மா கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"நல்ல பேரா வச்சா எல்லாருக்கும் புடிச்சுப் போயிரும்," என்றாள். "தூக்கிட்டுப் போயிருவாங்க."

யார் தூக்கிக்கொண்டு போவார்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்கு அந்த வயதில் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. பெயர் எப்படியோ தொலையட்டும். என் அம்மா ஒரு தடவை, நாலு பேர் முன்னால், 'எம் பொண்ணு' என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லிவிட்டால் பெயரை நான் சுமந்துகொள்வேன் என்று எனக்கு நானே பேரம் பேசி வைத்திருந்தேன்.

அப்படி ஒரு தடவை சொல்லவும் சொன்னாள். மூன்றாம் வகுப்பில் ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்தேன். பரிசாக ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள். கூட்டத்தில் நின்ற யாரோ ஒரு பெண்மணி, "யாரு வீட்டுப் புள்ள இது, பறக்குதே!" என்றார். என் அம்மா பக்கத்தில்தான் நின்றிருந்தாள். முகமெல்லாம் பல்லாக, "எம் பொண்ணுங்க!" என்றாள். டிபன் பாக்ஸை மார்போடு அணைத்துக்கொண்டு அந்த இரண்டு சொல்லையும் காதால் குடித்தேன். பேருந்தில் வீடு வரும் வரை அம்மா வாயை முந்தானையால் மூடிக்கொண்டு வந்தாள். வெயிலுக்கு என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் எனக்கு மஞ்சள்காமாலை. கண்ணெல்லாம் மஞ்சளாகி, பச்சைத் தண்ணீர் குடித்தால்கூட வாந்தி. அந்த வருஷம் எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகளுக்குக் காமாலை வந்தது, தண்ணீர்க் குழாயில் ஏதோ கோளாறு. டாக்டரும் அதைத்தான் சொன்னார். அம்மா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். நம்பவில்லை. எழுந்து நடக்க எனக்குத் தெம்பு வந்ததும் கையைப் பிடித்துக் குப்பைமேட்டுக்கு அழைத்துக்கொண்டு போனாள். முறத்தில் நான் அடங்க மாட்டேன் என்பதால் ஒரு சாக்கை விரித்து உட்காரவைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். தெருப்பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். எருமை கத்தியவனும் அதில் இருந்தான், அன்றைக்கு அவன் கத்தவில்லை. பால்காரம்மா வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அம்மா தவிட்டோடு வந்து நின்றதும், "இந்தத் தடவ ரெண்டு படியாக் கொடும்மா, புள்ள எடை ஏறியிருக்கு" என்று கிண்டல் செய்தார். அம்மா சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய் இன்னொரு படி கொண்டுவந்து கொட்டினாள்.

அதற்குப் பிறகு 'எம் பொண்ணு' என்ற சொல் அவள் வாயிலிருந்து வரவே இல்லை.

கல்யாணத்தின்போது மாப்பிள்ளை வீட்டார் பத்திரிகையில் வேறு பெயர் போடலாமே என்றார்கள். எனக்கும் சம்மதம்தான். லட்சணமாக ஒரு பெயர்கூட யோசித்து வைத்திருந்தேன். எதற்குமே மறுத்துப் பேசாத அம்மா அன்றைக்கு எழுந்து நின்று, "அந்தப் பேரு இருந்தாத்தான் கல்யாணம்" என்றாள். எல்லோரும் திகைத்துப் போனார்கள். பெயர் அப்படியே அச்சானது. தாரை வார்த்துக் கொடுக்க அப்பாவின் பக்கத்தில் யார் நிற்பது என்ற பேச்சு வந்தபோது, தான் நிற்க மாட்டேன் என்று ஒரே பிடியாக இருந்துவிட்டாள். பால்காரம்மாவும் அவர் கணவரும் நின்று என்னைக் கொடுத்தார்கள். என் அம்மா மண்டபத்துத் தூணோரம் விருந்தாளிகளோடு விருந்தாளியாக நின்று அட்சதை போட்டாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கல்யாணப் போட்டோ எதைப் பார்த்தாலும் நான் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அப்பா போன பிறகு அவளை ஸ்ரீரங்கத்தில் என்னோடு வைத்துக்கொண்டேன். ஃபிளாட்டில் அண்டை வீட்டார் வந்தால், "நான் இவங்களுக்குத் தூரத்து உறவு" என்பாள். அதற்குள் பால்காரம்மாவும் இறந்துவிட்டார். இனி யாரை ஏமாற்ற இந்த நாடகம் என்று எனக்கு அலுத்துப்போனது. ஒருநாள் காலை காப்பி கொடுக்கும்போது வேண்டுமென்றே, "அம்மா, காப்பி" என்றேன். டம்ளரை வாங்காமல் சட்டென்று என் வாயைப் பொத்தினாள். முருங்கைக்காய் மாதிரி மெலிந்த கை, அதில் அவ்வளவு வலு எங்கிருந்து வந்ததோ!

"எனக்கே நரை விழுந்துருச்சு. இனிமே என்னைத் தூக்கிட்டுப் போய் யாருக்கு என்ன லாபம்?" என்றேன்.

"சொல்லாத," என்றாள். "வெளையாட்டுக்குக்கூடச் சொல்லாத."

போன வருஷம் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டி, திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இந்தத் தடவை தேறுவது கஷ்டம் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். பகலெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா, ஒரு வாய் கஞ்சி குடி", "அக்கா, திரும்பிப் படு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வார்டில் ஒரு நர்ஸ் பெண் இருந்தாள், கலகலவென்று பேசுவாள். ஒரு மத்தியானம் ஊசி போட்டுவிட்டு, "பாட்டி, இவங்க உங்க தங்கச்சியா? வயசு இவ்ளோ வித்தியாசம் இருக்கே. இல்ல, உங்க பொண்ணா?" என்று கேட்டாள்.

அம்மா கண்ணைத் திறந்தாள். அன்றைக்கு அவளுக்கு நினைவு தெளிவாக இருந்தது, காலையில்தான் என்னிடம் கேஸை மூடிவிட்டு வந்தாயா என்று விசாரித்திருந்தாள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது, இப்போதாவது சொல்லிவிடுவாள் என்று நிஜமாகவே நம்பினேன். அம்மா நர்ஸைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. வார்டின் வாசல் பக்கம் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

"இல்லம்மா," என்றாள், வாசலைப் பார்த்தபடியே, மூச்சு வாங்க வாங்க. "எதிர்வீட்டுப் பொண்ணு. பாவம், ஒத்தாசைக்கு வந்திருக்கு."

நர்ஸ் சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். எனக்கு அழுகை பொங்கியது. எழுந்து வெளியே போகலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. போர்வைக்கு அடியில் அம்மா என் கையைப் பிடித்திருந்தாள். பிடி என்றால் அப்படி ஒரு பிடி. முகம் யாரோ அந்நியரைப் போல வாசல் பக்கம் திரும்பியிருந்தது, கை மட்டும் விடவில்லை. எமன் அவளைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருந்தான், அது அவளுக்கும் தெரியும். வந்தவன் கண்ணில் நானும் பட்டுவிடக் கூடாது என்பது மட்டும்தான் அவள் கவலை. இந்தப் பெயரை வைத்து இவ்வளவு காலம் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த இரண்டு சொல்லைக் கேட்க நான் ஏங்கியதைவிட, அதைச் சொல்ல அவள் ஏங்கியிருப்பாள். வாய் வரை வந்ததை ஒவ்வொரு தடவையும் விழுங்கியிருக்கிறாள். அவள் தலையைத் தடவிக்கொண்டு, "ஆமாக்கா, ஒத்தாசைக்குத்தான் வந்தேன்" என்றேன். பிடி கொஞ்சம் தளர்ந்தது. மறுநாள் சாயங்காலம் போய்விட்டாள்.

ஒரே பிள்ளை என்பதால் காரியத்தை நானே செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொந்தக்காரர்களில் சிலர் முணுமுணுத்தார்கள், நான் கண்டுகொள்ளவில்லை. ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபம் படித்துறையில் அன்றைக்குக் கூட்டம் அதிகம். காவிரியில் தண்ணீர் வந்திருந்தது. காரியம் செய்துவைக்க வந்தவர் வயதானவர், காதும் கொஞ்சம் மந்தம்.

"உங்க பேரு?" என்றார். சொன்னேன். முழுப் பெயரையும், வால் உட்பட. அவர் சிரிக்கவில்லை. "தவிட்டுக்கு வாங்கின புள்ளையா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

பழக்கத்தில் 'அக்கா' என்றுதான் நாக்கு புரண்டது. அடக்கிக்கொண்டேன். அக்கம்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "அம்மா" என்றேன். எனக்கே கேட்காத குரல்.

"சத்தமாச் சொல்லுங்கம்மா, காதுல விழல" என்றார் அவர்.

"அம்மா!" என்றேன். படித்துறையில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.