கம்ப்யூட்டர் தெரிந்தவர்

என் வீட்டுக்காரருக்குக் கம்ப்யூட்டரில் தெரிந்தது ஒரே ஒரு வேலை. தண்ணீர் வாரிய அலுவலகக் கவுண்டரில் உட்கார்ந்து, இணைப்பு எண்ணை அடித்து, தொகையைப் பதிந்து, ரசீதைக் கிழித்துக் கொடுப்பது. இருபத்திரண்டு வருஷமாக அதே திரை, அதே கட்டங்கள். திரை அசையாமல் நின்றுவிட்டால் பக்கத்துக் கவுண்டர் அம்மாதான் எழுந்து வந்து சரிசெய்வார். இவர் அதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வருவார்.

ஆனால் எங்கள் சொந்தத்தில் இவர் பெயரே 'கம்ப்யூட்டர்'தான். யார் வைத்தது என்று கேட்காதீர்கள், நான்தான். கல்யாணமான புதிதில் அக்கா தன் வீட்டுக்காரரின் பட்டறையைப் பற்றி மூச்சுவிடாமல் பீற்றிக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இவரு கம்ப்யூட்டர்ல இருக்காருக்கா. அந்த ஆபீஸே இவர் கையிலதான் ஓடுது" என்று அடித்துவிட்டேன். சாயங்காலத்துக்குள் சொந்தம் முழுக்கப் பரவிவிட்டது.

அதிலிருந்து யார் வீட்டுப் பிள்ளை கல்லூரியில் சேர்ந்தாலும் லேப்டாப் வாங்க இவரைத்தான் கூட்டிப்போவார்கள். இவரும் அதற்கென்று ஒரு வழிமுறை வைத்திருந்தார். மூடியை நாலு தடவை திறந்து மூடுவார். எல்லா எழுத்தையும் ஒருமுறை அழுத்துவார். பிறகு தேங்காய் வாங்குகிறவர் மாதிரி கையில் தூக்கிப் பார்த்து, "இது நல்லா இருக்கு" என்பார். கட்டுரை அடிக்கிற பிள்ளைகளுக்கு எதுவானாலும் போதுமே, அதனால் யாரும் குறை சொன்னதில்லை.

இந்த வருஷம் எங்கள் மகளின் முறை. கட்டட வடிவமைப்பு படிக்க இடம் கிடைத்திருந்தது. எவ்வளவு ரேம், என்ன கிராபிக்ஸ் கார்டு என்று கல்லூரியிலேயே ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். அது இல்லாவிட்டால் வரைகிற மென்பொருள் ஓடாது. ஓடாவிட்டால் அவள் ஒரு பாடத்துக்கும் வரைபடம் கொடுக்க முடியாது. இவர் அந்தத் தாளை நாலு நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். எடுத்துப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார், திரும்ப மடித்து வைப்பார்.

"கடைக்காரர்கிட்ட நீட்டிடுங்க. அவரே எடுத்துக் குடுப்பாரு" என்றேன்.

"நீட்டலாம்தான். உன் அத்தான் கூட வர்றேன்னுட்டாரே."

அத்தான் என்றால் அக்காவின் வீட்டுக்காரர். இவர் வாங்குவதைப் பார்த்துத் தானும் நாலு விஷயம் கற்றுக்கொள்ளப் போகிறாராம்.

கடையில் நாங்கள் நாலு பேரும் நின்றோம். கழுத்தில் அட்டை மாட்டிய விற்பனைப் பையன், "பில்ட்-இன் கிராபிக்ஸா, தனி கார்டா சார்?" என்று கேட்டான்.

"ரெண்டும் பரவாயில்ல" என்றார் இவர்.

மூடியைத் திறந்தார், மூடினார். எழுத்துகளை அழுத்தினார். கடைசியில் மெல்லிசான ஒரு வெள்ளி நிற லேப்டாப்பைக் கையில் தூக்கிப் பார்த்து, அதுவே போதும் என்றார். மகள் என் முழங்கையைப் பிடித்தாள்.

"அம்மா, இதுல தனி கார்டே இல்ல. முதல் வாரமே படுத்துடும்."

"அப்பாகிட்ட சொல்லு."

"பெரியப்பா முன்னாடியா?"

அவளால் சொல்ல முடியவில்லை. என்னாலும் முடியவில்லை. அத்தான் கையைக் கட்டிக்கொண்டு பெருமையாக நின்றிருந்தார்.

பில் போடப் போகும்போது இவர் நின்றார். சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தார்.

"தம்பி, எனக்கு இதெல்லாம் தெரியாது. இதுல இருக்கறபடி எது சரியா வரும்னு நீங்களே சொல்லுங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒருவழியாக விடுதலை என்று நினைத்தேன். அத்தான் கடகடவென்று சிரித்தார்.

"கேட்டீங்களா தம்பி, இவருக்குத் தெரியாதாம்! நிறைகுடம் தளும்பாதுன்னு சும்மாவா சொன்னாங்க? உங்களுக்கு விஷயம் தெரியுமான்னு ஆழம் பாக்கறாரு. உஷாரா இருங்க."

பையன் வெலவெலத்துப்போனான். "உங்களுக்குத் தெரியாததா சார்" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

இவர் என்னைப் பார்த்தார். வேறு யாரைப் பார்ப்பார், பாவம்.

"அத்தான், அவருக்கு நிஜமாவே தெரியாது" என்றேன். "ரசீது போடறதைத் தவிர அந்தப் பெட்டியில ஒரு மண்ணும் தெரியாது. அன்னைக்கு நான்தான் அக்காகிட்ட பொய் சொன்னேன்."

"கட்டின புருஷனோட அருமை எந்தப் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சிருக்கு?" என்றார் அத்தான். "உங்க அக்காவும் என்னைப் பத்தி இப்படித்தான் பேசறா."

நான் பொய் சொன்னபோது ஒருத்தரும் மறுபேச்சுப் பேசவில்லை. உண்மையைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

மகள்தான் அப்பா கையிலிருந்த தாளை வாங்கினாள். "அண்ணா, புதுசாத்தான் வேணும்னு இல்ல. இந்தக் கார்டு இருந்தாப் போதும்" என்றாள். பையன் கீழ்த்தட்டிலிருந்து தடித்த கறுப்பு மெஷின் ஒன்றை எடுத்து வைத்தான். ஏதோ அலுவலகத்தில் ஓடி, சரிபார்த்து வந்த பழசு. மூலையில் கீறல், செங்கல் கனம். மகள் தன் பென்டிரைவைச் செருகினாள். திரையில் ஒரு கட்டடம் தடங்கலில்லாமல் சுழன்றது. அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

திரும்பும்போது பெட்டியை இவர்தான் தூக்கி வந்தார். "வாயை விட்டுச் சொல்லிட்டேன். இனிமே விட்டுடுவாங்க இல்ல?" என்று கேட்டார்.

"விட்டுடுவாங்க" என்றேன்.

ராத்திரி அக்கா போன் செய்தாள்.

"ஏன்டி, தெரியாத மாதிரி நடிச்சு, பொண்ணு வாயாலயே சரியானதைச் சொல்ல வெச்சாராமே! எங்க வீட்டு மனுஷன் வந்ததுலேர்ந்து அதையேதான் சொல்லிச் சொல்லி மாய்ஞ்சு போறாரு. என் நாத்தனார் பொண்ணுக்கு ஒண்ணு எடுக்கணும், மாடி வீட்டுப் பையனுக்கு ஒண்ணு. ஞாயித்துக்கிழமை அவரை எங்கயும் போக விடாத."

அவள் குரல் எட்டு வீட்டுக்குக் கேட்கும். இவருக்கும் கேட்டுவிட்டது. சோறு பிசைந்த கை அப்படியே நின்றது.

"ரிட்டையர் ஆனாலாவது விடுவாங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

'அவர் வரமாட்டார்க்கா' என்று நாக்கு நுனிவரை வந்தது. தெரியாது என்றால் அடக்கம் என்பாள். வரமாட்டார் என்றால் தலைக்கனம் என்பாள். மறுமுனையில் அக்கா, "என்னடி, லைன்ல இருக்கியா?" என்றாள்.

"எத்தனை மணிக்குக்கா வரணும்?" என்று கேட்டேன்.