மணியக்காரருக்குச் சொன்ன நாடகம்

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் தண்டலத்திலிருந்து மண்ணூர் வரை நாடகம் என்றால் நான் எழுதியதுதான். 'மதகைத் திறந்தவள்' என்று சுவரில் காவியால் எழுதி வைத்தால் போதும், ஜனம் வண்டி கட்டிக்கொண்டு வரும். என் பேரை மட்டும் எந்தச் சுவரிலும் போட்டதில்லை. ஊருக்கே தெரிந்ததை எதற்கு எழுத வேண்டும் என்ற மிதப்பு.

எழுபதுகளில் ஒரு மாசி மாதம், நான் எழுதாத சுவரில் அதே தலைப்பைப் பார்த்தேன். வேறு யாரோ நாடகம் போட்டிருக்கிறார்கள். டீக்கடைக்குள் நுழைந்தேன். கடைக்காரர் குனிந்து கேட்டார்.

"மணியக்காரர் தங்கச்சி ஓடிப்போன கதைய அப்டியே மேடையேத்திட்டியாமே. நெஞ்சழுத்தம்யா உனக்கு!"

மணியக்காரரைப் பகைத்துக்கொண்டவர்களின் வைக்கோல் போர் தானாகவே பற்றிக்கொள்ளும் காலம் அது.

காஞ்சிபுரத்து வக்கீலிடம் ஓடினேன்.

"வெறும் தலைப்பை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. உள்ளே எழுதினதுதான் உங்களுது. உங்க நாடகம்னு ஜனங்களை நம்ப வெச்சு ஏமாத்தினா நோட்டீஸ் விடலாம், கோர்ட்டுக்கும் போகலாம். அதுக்கு நாளாகும். முதல்ல உங்க பேரைத் தலைப்புக்கு மேல போடுங்க. அது வேற, இது வேறன்னு எல்லார்கிட்டயும் சொல்லுங்க."

எல்லாரிடமும் எதற்கு? ஒருவரிடம் சொன்னால் போதாதா? நேரே மணியக்காரர் வீட்டுக்குப் போனேன். அவருக்கு நாடகம் பார்க்கும் வழக்கமே கிடையாது. சுற்றி நாலு ஆட்கள் நின்றிருந்தார்கள்.

"ஐயா, அது நான் எழுதுனது இல்லீங்க. என் நாடகம் முழுசும் எனக்கு மனப்பாடமா கீது. கேட்டுப் பாருங்க."

"சொல்லு."

சொன்னேன். ஒன்பது பேர் வசனத்தையும் ஒருவனாகப் பேசினேன், பாட்டையும் பாடினேன். எந்த மேடையிலும் அப்படி நடித்ததில்லை. ஓடிப்போன பெண் என் கதையில் இல்லவே இல்லை. ஏரித் தண்ணீரைத் தன் வயலுக்கு மட்டும் வைத்துக்கொண்ட பெரிய மனிதர் ஒருவர் உண்டு. ஊருக்காக மதகைத் திறந்த ஏழைப் பெண்ணின் காலில் அவர் கடைசியில் விழுவார். அந்த இடத்தில் மணியக்காரர் வெற்றிலை மெல்வதை நிறுத்தினார்.

"நல்லாத்தான் கீது," என்றார். "அந்தக் கதை உன்னுது இல்ல. ஒத்துக்கறேன். ஆமா, இதுல தண்ணிய அடைச்சு வெச்சவன் யாரு?"

"சும்மா கற்பனைங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் ஆட்கள் பக்கம் திரும்பினார்.

"இவன் வூடு எந்தத் தெருவுல கீது?"